மகளின் மூளையில் இரத்தக்குழாய் முடிச்சு: அறுவையா, கதிரா, அப்படியே விடுவதா?

வாசகர் கேள்வி:

டாக்டர், என் மகளுக்கு 26 வயது. பாலர் பள்ளி ஆசிரியை. மூன்று மாதத்துக்கு முன் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணும் தலையும் இடப்பக்கம் திரும்பி, கீழே விழுந்து, கைகால் இழுத்துக்கொண்டது. எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறகு தொடை வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மூளையின் வலது முன்பகுதியில் 2.2 செ.மீ. அளவில் ஏவிஎம் என்னும் இரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது, இரத்தம் கசியவில்லை என்றார்கள். ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் காமா நைஃப் என்னும் கதிர்ச் சிகிச்சை போதும், தலையைத் திறக்கத் தேவையில்லை என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி ஓர் ஆய்வை அனுப்பி, “தொட்டால்தான் ஆபத்தாம், விட்டுவிடு அக்கா” என்கிறான். திருச்சியில் இருக்கும் பெரியம்மா மகன் சித்த மருந்தில் கரைத்துவிடலாம் என்று மருந்து அனுப்பத் தயாராக இருக்கிறார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் இது. ஏவிஎம் இருப்பது மகளுக்குத் தெரியும். அது வெடிக்கலாம் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். தைப்பூசத்துக்கு அவள் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்வது?

பொங்கோல் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் இணைத்திருந்த எம்ஆர்ஐ, ஆஞ்சியோகிராம் அறிக்கைகளைப் படித்தேன். படங்களை நான் பார்க்கவில்லை, மகளைப் பரிசோதிக்கவும் இல்லை. ஆகவே நான் சொல்வதை ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு, அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்களோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியது. அதற்காகப் பட்டும் படாமலும் பேசி உங்களை இன்னும் குழப்ப எனக்கு மனமில்லை. அறிக்கையில் உள்ளது சரியென்றால், இந்த வயதில், இந்த அளவில், இந்த இடத்தில் இருக்கும் முடிச்சை அறுவை சிகிச்சையில் முழுவதுமாக எடுத்துவிடுவதே என் முதல் தேர்வு. காமா நைஃப் அடுத்த தேர்வு, அதுவும் நியாயமானதுதான். சும்மா விடுவதைத் தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் 26 வயதுப் பெண்ணுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம். மருந்தில் கரைப்பது நடக்காத காரியம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரத்தம் கசியாத ஏவிஎம்முக்கு நாளைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. வலிப்பு வந்துவிட்டதால் சீக்கிரமே வெடிக்கப்போகிறது என்றும் பொருளில்லை. சில வாரங்கள் எடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, யோசியுங்கள். அந்தச் சில வாரம் சில வருடமாக நீண்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். இதயத்திலிருந்து இரத்தம் தமனி வழியாக அழுத்தத்தோடு மூளைக்கு வருகிறது. அங்கே தந்துகிகள் என்னும் மயிரிழைக் குழாய்களில் பரவி, வேகம் தணிந்து, பிறகு சிரைகள் வழியாகத் திரும்புகிறது. ஏவிஎம் இருக்கும் இடத்தில் அந்தத் தந்துகிகள் இல்லை. வாய்க்கால் தண்ணீர் வயலில் பரவாமல் அப்படியே வடிகாலில் பாய்வது போல, தமனியின் அழுத்தம் முழுவதும் நேரே சிரையில் போய் மோதுகிறது. சிரையின் சுவர் அந்த அழுத்தத்துக்காக உண்டானதன்று. வருடக்கணக்கில் புடைத்துப் புடைத்து, ஒருநாள் எங்காவது பிய்த்துக்கொள்ளலாம். உங்கள் பயமெல்லாம் அந்த ஒருநாளைப் பற்றியது.

மகளுக்கு எடுத்த ஆஞ்சியோகிராம் படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சாயம் ஏறியதும் முதலில் தமனிகள் கறுப்பாகத் தெரியும். பிறகு மூளை முழுவதும் லேசாக மங்கலடிக்கும். சில நொடி கழித்துத்தான் சிரைகள் தெரிய வேண்டும். ஏவிஎம் உள்ள இடத்திலோ, மற்ற பகுதிகளில் தமனிகளே இன்னும் நிறைந்துகொண்டிருக்கும்போது, அந்த ஒரு சிரை மட்டும் முந்திக்கொண்டு நிரம்பிவிடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு இந்த நோயைப் பற்றி உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது. சிகிச்சை முடிந்ததா இல்லையா என்பதையும் கடைசியில் அதே படம்தான் சொல்லும். முந்தி நிரம்பும் சிரை இனி இல்லை என்றால் வேலை முடிந்தது. அது தெரிகிறவரை, எத்தனை சிகிச்சை நடந்திருந்தாலும் ஆபத்து போகவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதிலிருந்துதான் வருகிறது. பாதி மூடிய ஏவிஎம், பாதி பாதுகாப்பைத் தராது. தொண்ணூறு விழுக்காட்டை அடைத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், ஆபத்தும் தொண்ணூறு விழுக்காடு குறைந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் வழியிலும் அதே அழுத்தம் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே எந்த மருத்துவர் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “இது முழுவதுமாக மூடுவதற்கான திட்டமா? மூடாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?” இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை சம்மதப் படிவத்தை வாங்காதீர்கள்.

இனி, சும்மா விட்டால் என்ன ஆகும்? ஒருமுறைகூட வெடிக்காத ஏவிஎம் வெடிக்கும் வாய்ப்பு, பொதுவாக வருடத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். ஏற்கெனவே வெடித்ததென்றால் அது இன்னும் அதிகம். ஒரு விழுக்காடு என்றதும் மனசு ஆறுகிறது. ஆனால் உங்கள் மகளுக்கு முன்னால் இருப்பது ஒரு வருடம் மட்டுமில்லை. வருடத்துக்கு 1 விழுக்காடு என்றே வைத்தாலும் 50 ஆண்டில் அது ஏறக்குறைய 40 விழுக்காடாகிறது. 2 விழுக்காடு என்றால் 60-ஐத் தாண்டுகிறது. வெடித்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் கணிசமானோருக்குக் கை கால் பலவீனமோ பேச்சுக் குறையோ தங்கிவிடுகிறது. 75 வயது முதியவருக்கு இதே முடிச்சு இருந்தால், அப்படியே விடுங்கள் என்று நானே சொல்வேன். முடிச்சின் அளவைவிட, முன்னால் இருக்கும் ஆண்டுகள் சில நேரம் பெரிய காரணமாகிவிடுகின்றன.

உங்கள் தம்பி அனுப்பியது ‘அரூபா’ ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அது உண்மையான, முக்கியமான ஆய்வு. வெடிக்காத ஏவிஎம் உள்ள 223 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தும் கண்காணிப்பும் மட்டும், மறு பகுதியினருக்கு அதோடு ஏதாவது ஒரு சிகிச்சை. சராசரியாக 33 மாதம் கவனித்ததில், சும்மா விடப்பட்டவர்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. வித்தியாசம் பெரிதாக இருந்ததால் 2013-இல் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். முடிவு 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 2020-இல் வெளியான தொடர் முடிவும் அதையேதான் சொன்னது.

அப்படியானால் தம்பி சொல்வது சரிதானே என்பீர்கள். நான் அந்த ஆய்வை மதிக்கிறேன். பெரிய, ஆழத்தில் இருக்கும், வெடிக்காத முடிச்சுகளில் கைவைக்க இன்று நாங்கள் மிகவும் யோசிக்கிறோம் என்றால் அதற்கு அரூபா ஒரு காரணம். அது நல்லதே. ஆனால் உங்கள் மகளின் நிலைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சிகிச்சைப் பிரிவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மிகச் சிலர்தான். பெரும்பாலோருக்குக் குழாய் வழி அடைப்பு, கதிர்ச் சிகிச்சை, அல்லது இரண்டும் சேர்ந்து நடந்தன. சின்ன, மேலோட்டமான முடிச்சுக்கு அறுவைதான் உறுதியான வழி என்று நாங்கள் கருதும்போது, அந்த வழி அதிகம் சோதிக்கப்படாத ஆய்வை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிகிச்சையின் ஆபத்து ஆரம்பத்திலேயே வந்து முடிந்துவிடும். சும்மா விடுவதன் ஆபத்து வருடம் வருடமாகச் சேரும். 33 மாதத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் சும்மா விட்டதுதான் நன்றாகத் தெரியும்.

அறுவையை நான் ஏன் முதலில் வைக்கிறேன்? 1986 முதல் நாங்கள் பயன்படுத்தும் ஒரு தர அளவு உண்டு. ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தது. முடிச்சு 3 செ.மீ.க்குக் குறைவா, பேச்சு, கை கால் அசைவு, பார்வை போன்ற முக்கியமான வேலையைச் செய்யும் பகுதியில் இருக்கிறதா, இரத்தம் வடியும் சிரை ஆழத்துக்குப் போகிறதா என்ற மூன்றையும் கூட்டி 1 முதல் 5 வரை தரம் தருவார்கள். உங்கள் மகளின் அறிக்கையில் அளவு 2.2 செ.மீ., இடம் முன்மூளையின் முற்பகுதி, சிரை மேற்பரப்பில். கூட்டினால் முதல் தரம். அறுவைக்கு இதைவிடச் சாதகமான தரம் கிடையாது. முதல் இரண்டு தரங்களில், அனுபவமுள்ளவர் கையில், 95 விழுக்காட்டுக்கு மேல் முழுவதும் அகற்றிவிட முடிகிறது. நிலையான குறை நேர்வது சில விழுக்காடுதான். ஆனாலும் அது பூஜ்ஜியம் இல்லை. அந்தச் சிலரில் உங்கள் மகளும் ஒருவராக ஆகலாம் என்பதை மறைத்து நான் உங்களுக்குத் தைரியம் சொல்ல முடியாது.

“தலையைத் திறப்பது” என்ற சொல்லே பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் பயம் கொஞ்சம் குறையலாம். தலைமுடியை முழுக்க மழிப்பதில்லை. வெட்டும் கோட்டை ஒட்டி ஒரு பட்டை எடுத்தால் பெரும்பாலும் போதும். எலும்பில் ஒரு சிறு பலகையைத் தனியே எடுத்துவைத்து, முடிந்ததும் டைட்டானியத் தகடு வைத்துப் பொருத்திவிடுவோம். உள்ளே வேலை முழுக்க நுண்ணோக்கி வழியாக. மேலோட்டமான முடிச்சை உருப்பெருக்கத்தில் பார்த்தால், நீலமாக இருக்க வேண்டிய சிரை செக்கச்செவேலென்று துடித்துக்கொண்டிருக்கும், உள்ளே தமனி இரத்தம் ஓடுவதால். முடிச்சுக்குள் வரும் சின்னச் சின்னத் தமனிகளை ஒவ்வொன்றாகத் தேடி, முதலில் அவற்றை அடைக்க வேண்டும். சிரையைக் கடைசியில்தான் தொடலாம். முதலிலேயே அதை அடைத்தால் உள்ளே வரும் இரத்தத்துக்கு வெளியேற வழியில்லாமல் முடிச்சு அங்கேயே பிய்த்துக்கொள்ளும். கடைசித் தமனி அடைபட்டதும் அந்தச் சிவந்த சிரை மெல்ல நீலமாக மாறும். அறுவைக்கூடத்தில் எல்லோரும் எதிர்பார்த்து நிற்பது அந்த நிறமாற்றத்தைத்தான். ஆனாலும் அதை நம்பி முடித்துவிடுவதில்லை, ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதிசெய்கிறோம்.

சில மணி நேர அறுவை, ஒன்றிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் வீடு. குழந்தைகளோடு ஓடியாடும் வேலைக்குத் திரும்ப ஒன்றரை இரண்டு மாதமாவது ஆகும். வலிப்பு மாத்திரையை உடனே நிறுத்தமாட்டார்கள், ஆனால் முடிச்சு போனபின் பலருக்கு வலிப்பும் விட்டுவிடுகிறது. இளவயதினருக்கு அது சின்ன ஆதாயமில்லை.

காமா நைஃப் சொன்ன மருத்துவரும் தவறாகச் சொல்லவில்லை. பெயரில்தான் கத்தி இருக்கிறது, உண்மையில் வெட்டு எதுவும் கிடையாது. ஸ்வீடன் நாட்டின் லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்த யோசனை அது. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் கூடுகின்றன. தனித்தனியாக அவை மூளையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, கூடும் இடத்தில் மட்டும் வலுவாக இருக்கும். இப்போதுள்ள கருவிகளில் 192 கோபால்ட் கதிர் ஊற்றுகள் இருக்கின்றன. காலையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு திருகுகளில் ஒரு சட்டத்தைத் தலையில் பொருத்துவார்கள். அதற்குப் பிறகு படம் எடுப்பது, கணக்கிடுவது, கதிர் கொடுப்பது. பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். கேட்க எளிதாக இருக்கிறது, நடப்பதும் எளிதாகத்தான் நடக்கிறது.

ஆனால் அன்றைக்கே எதுவும் மூடுவதில்லை. கதிர் பட்ட குழாய்ச் சுவர் மெல்லத் தடித்து அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும். இந்த அளவுள்ள முடிச்சுகளில் 70 முதல் 80 விழுக்காடு முழுமையாக மூடுகின்றன. மூடும்வரை வெடிக்கும் ஆபத்து பழையபடியே இருக்கும். வருடத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு என்றால் மூன்று வருடத்துக்கு 3 முதல் 6 விழுக்காடு. வெட்டு இல்லாத சிகிச்சை என்றாலும், இந்தக் காத்திருப்பையும் அதன் ஆபத்தோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். சிலருக்கு மாதங்கள் கழித்துச் சுற்றியுள்ள மூளையில் வீக்கம் வருகிறது, அதற்கு ஸ்டெராய்டு மருந்து தேவைப்படலாம். மூடாமல்போனால் மறுபடி கதிரோ அறுவையோ.

முடிச்சு கைகால் அசைவுப் பகுதியிலோ பேச்சுப் பகுதியிலோ ஆழத்திலோ இருந்திருந்தால், நானே காமா நைஃபை முன்னால் வைத்திருப்பேன். இரண்டாவது மருத்துவர், படத்தில் அப்படி ஏதேனும் இருக்கிறது என்கிறாரா என்று கேளுங்கள். செயல்பாட்டு எம்ஆர்ஐ எடுத்தால், மகளை விரல் அசைக்கவும் பேசவும் சொல்லி, அப்போது வேலை செய்யும் பகுதி முடிச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தப் படம் என் கருத்தை மாற்றக்கூடியது.

குழாய் வழியாகப் போய்ப் பசை போன்ற பொருளால் அடைக்கும் எம்போலைசேஷன் பற்றியும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். அறுவைக்கு முன் இரத்த ஓட்டத்தைக் குறைக்க அது நல்ல உதவி. அதை மட்டும் செய்து முழுவதும் மூடுவது குறிப்பிட்ட சில முடிச்சுகளில்தான் முடிகிறது. உங்கள் மகளுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

இரண்டு மருத்துவர்களும் தனித்தனியாகச் சொன்னதை நீங்கள் நடுவில் நின்று தராசில் நிறுத்த வேண்டியதில்லை. அது உங்கள் வேலையுமில்லை. டான் டோக் செங், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகங்களில் இயங்கும் தேசிய நரம்பியல் கழகம், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் அறுவை மருத்துவர், கதிர்ச் சிகிச்சை மருத்துவர், குழாய் வழிச் சிகிச்சை மருத்துவர் மூவரும் சேர்ந்து ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடியும். “மகளின் படத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்பதென்றால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஆஞ்சியோகிராம் படங்களையே வட்டில் பதிந்து வாங்கிக்கொண்டு போங்கள். அறுவை செய்யப்போகிறவரிடம், இந்த மாதிரி அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த அறுவையில் கையின் அனுபவம் மிகப் பெரிய வித்தியாசம்.

திருச்சி மருந்து விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் அன்பில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் இதில் கரைப்பதற்கு எதுவுமே இல்லை. இது கட்டியோ அடைப்போ உறைந்த இரத்தமோ கிடையாது, குழாய்களின் இணைப்பே மாறிப்போயிருக்கிறது. வாய்வழி எடுக்கும் எந்த மருந்தாலும், எங்கள் மருந்தாலும்கூட, அந்த இணைப்பைப் பிரிக்க முடியாது. இரண்டு விஷயத்துக்காக நான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். ஒன்று, பற்பம், செந்தூரம் வகை மருந்துகளில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். உலோக அளவு மிகுந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றி இங்கே சுகாதார அறிவியல் ஆணையமும் எச்சரித்திருக்கிறது. இரண்டாவது, அந்த மருந்தை நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடுவது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. பூண்டு, மஞ்சள், மீன் எண்ணெய், ஜிங்கோ, ஜின்செங் என்று கேப்ஸ்யூல்களாக ஏதாவது எடுக்கிறாரா என்றும் பாருங்கள். சமையலில் சேரும் பூண்டும் மஞ்சளும் பிரச்சினையில்லை. கேப்ஸ்யூல் அளவில் எடுத்தால் இரத்தம் உறைவதைப் பாதிக்கலாம், அறுவைக்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மூச்சுப் பயிற்சி, தியானம், கோயில் என்று மனசுக்கு இதம் தருவது எதையும் நான் தடுக்கமாட்டேன். சிரசாசனம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த ஒரு வரிதான். வெடிக்கலாம் என்பதை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அவருக்கு 26 வயது, மூளை அவருடையது, சம்மதப் படிவத்தில் போடப்போகும் கையெழுத்தும் அவருடையது. எதற்காக இந்த அறுவை என்று தெரியாமல் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எந்த மருத்துவரும் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கையில் கைப்பேசி இருக்கிறது. ஏவிஎம் என்ற மூன்றெழுத்தை அவர் எப்போதோ தேடிப் பார்த்திருப்பார். நீங்கள் பயப்படக்கூடாதென்று அவரும், அவர் பயப்படக்கூடாதென்று நீங்களும் ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கலாம். வார்டுகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அடுத்த சந்திப்பில் அவரை முன்னால் உட்காரவைத்து, மருத்துவர் அவரிடமே நேராகப் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

திருமணப் பேச்சைச் சில மாதம் தள்ளிவையுங்கள். முடிச்சு எடுக்கப்பட்டு ஆஞ்சியோகிராமிலும் உறுதியானால், அதற்குப் பிறகு அவர் மற்றவர்களைப் போலவே குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். அறுவையா காமா நைஃபா என்ற முடிவில் இதற்கும் இடமுண்டு. கதிர் கொடுத்தால், முடிச்சு மூடிவிட்டது என்று உறுதியாகும்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வோம், அது இரண்டு மூன்று வருடம். வலிப்பு மாத்திரையிலும் கவனம் தேவை. வால்புரோயேட் வகை, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டியது. மகள் எடுப்பது எது என்று பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலான ஏவிஎம்கள் பரம்பரையாக வருவதில்லை. மகளுக்கோ குடும்பத்தில் பலருக்கோ அடிக்கடி மூக்கில் இரத்தம் வடியும் என்றால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அரிதான ஒரு பரம்பரை நோயின் அடையாளமாக இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மகளே முடிவு செய்யட்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோரையும் ஏற்கெனவே இருக்கும் நோயோடு சேர்த்தே காக்கிறது. அதற்குமேல் தனியார் காப்புறுதித் திட்டம் இருந்தால் இந்த நேரத்தில் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடாதீர்கள், புதிய நிறுவனம் இந்த நோயை விலக்கிவிடலாம். மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரை முன்கூட்டியே பாருங்கள், பில் வந்தபின் பார்ப்பதைவிட அது நல்லது.

முடிவெடுக்கும்வரை வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மாத்திரை ஒருவேளைகூடத் தவறக்கூடாது. மருத்துவர் சொல்லும்வரை கார் ஓட்டுவதும் தனியாக நீந்துவதும் வேண்டாம். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்தினால் போதும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, மணி பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. வலிப்பு தானாக அடங்கும்போது சாவி கையில் இருந்ததால் அடங்கியது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். இதுவரை வராத கடுமையான தலைவலி திடீரென்று வந்தாலும், வாந்தியோடு மயக்கம், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல் என்றாலும் 995தான். டாக்சி பிடிக்கவோ பலதுறை மருந்தகத்துக்குப் போகவோ வேண்டாம்.

பால்குடத்தைப் பற்றி. பட்டினி, தூக்கக் குறைவு, மாத்திரை நேரம் தவறுவது மூன்றும் வலிப்பைக் கூப்பிட்டுக் கொண்டுவரும். தைப்பூச இரவில் இந்த மூன்றும் சேர்ந்தே வர வாய்ப்பு அதிகம். இந்த வருடம் அவருக்காகப் பால்குடத்தை நீங்கள் எடுங்கள். மகள் இரவு நன்றாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு, தம்பியின் துணையோடு டேங்க் ரோடு கோயிலுக்கு வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். மாத்திரைப் பெட்டியையும், நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதிய ஒரு தாளையும் அவர் பையில் வைத்துவிடுங்கள். அந்தத் தாள் இனி தினமும் அவர் பையிலேயே இருக்கட்டும்.